கரையில் நடப்பதும் தொழிலே

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் வகுப்பிலே கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் படித்தார்கள். அடிக்கடி பிந்தி வருவார்கள். முதற்பாடம் முடியும்வரை வாசலில் நிற்பார்கள். மீன் வாடை அடிக்கிறது என்று நாங்கள் வாங்கைத் தள்ளிப் போட்டதும் உண்டு. விடியமுன் எழுந்து வலையில் நண்டு கழற்றிவிட்டு வந்தவர்கள் அவர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை. க.பொ.த. சாதாரண தரத்துக்கு முன்பே ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நூறாண்டுப் பெருமை பேசும் இந்நாளில் இதையும் சொல்லியாக வேண்டும்.

கடற்றொழிலாளி என்றால் படகில் போகிறவர் என்றே நினைக்கிறோம். படகு கரை சேர்ந்த பின்னரும் வேலை இருக்கிறது. கால் முறியாமல் நண்டைக் கழற்ற வேண்டும். முறிந்தால் விலை விழும். மீனை வெட்டி, உப்பிட்டு, கருவாடு போட வேண்டும். மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ள வேண்டும். கிழிந்த வலையைச் சீராக்க வேண்டும். இவற்றிற் பெரும்பகுதியைப் பெண்களே செய்கிறார்கள். சொந்தப் படகென்றால் கூலி இல்லை. பிறர் படகென்றால் சிறு கூலி, அல்லது கறிக்கு மீன்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் படகும் வலையும் கணக்கெடுக்கப்பட்டன. கருவாட்டுப் பந்தலும் மீன்கூடையும் அந்தக் கணக்கில் இலகுவில் ஏறவில்லை.

போர்க்காலத்தில் கடல் மூடப்பட்டிருந்தது. 2009இற்குப் பின் கடல் திறந்தபோது, பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப்படகுகள் எங்கள் வலைகளை அறுத்தன. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் வந்தும் அந்தத் துன்பம் தீரவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கடலுக்குப் போகாத நாட்களில் அடுப்பெரிக்க வேண்டியவள் பெண்தான். முதலில் நகை அடைவுக்குப் போகும், பிறகு நுண்கடன்.

இங்கேதான் அவளுடைய நிலையைப் பாருங்கள். படகு கணவன் பெயரில். கடன் மனைவி பெயரில். சீதன வீடு அவள் பெயரில் இருந்தாலும், தேசவழமைக்கு உட்பட்டவளாயின், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் காணாமற்போயிருந்தால் மாவட்ட நீதிமன்றப் படியேற வேண்டும். உழைப்பும் கடனும் அவளுக்கு. கையெழுத்து மட்டும் இன்னொருவருக்கு.

ஆகவே சகோதரிகளே, உங்களிடம் சில வேண்டுகோள்கள். எங்கள் சங்கத்தின் உதவிப்பணம் உயர்தரத்தில் சித்தியடைந்தவர்களுக்கு மட்டும் போகாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுவிடக்கூடிய பிள்ளையிடமும் போகட்டும். சட்டம் படித்தவர்கள் மாதத்தில் ஒரு நாளாவது கரையோரக் கிராமமொன்றில் இருந்து, பெண்கள் கையெழுத்திடுமுன் கடன் பத்திரங்களை வாசித்து விளக்குங்கள். வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் படகு வாங்கப் பணம் அனுப்புகிறவர்கள், அது யார் பெயரில் பதியப்படுகிறது என்று கேளுங்கள். கடற்றொழிலாளர் சங்கத்தில் கரையில் உழைக்கும் பெண்ணுக்கும் அங்கத்துவம் உண்டா என்றும் கேளுங்கள்.

எங்கள் பாடசாலை வாசலில் இன்றைக்கும் ஒரு பிள்ளை பிந்தி வந்து நிற்கக்கூடும். அவளை உள்ளே கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்போம். அன்று நாங்கள் கேட்காமல் விட்டது அதைத்தான்.