கடன்பட்ட பட்டம்

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க தெருவுல முதல்ல இன்ஜினியரிங் முடிச்சவன் நான். 1944இல் தொடங்கிய உதவித்தொகை நமக்கு இருக்கே என்பீர்கள். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அது கிடையாது. எங்க அப்பா கொஞ்சம் தாண்டிட்டார். வங்கிக்குப் போனோம். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் "நிலம் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி.

வருஷத்துக்கு 1 லட்சமாக 4 லட்சம் வாங்கினேன், நூற்றுக்கு 10 வட்டி. படிக்கும் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். வட்டி சும்மா இருக்குமா? கடன் 5 லட்சத்து 40 ஆயிரமாக நின்றது. 7 வருடத் தவணை, மாதம் ஏறக்குறைய 9,000. சம்பளம் 25,000. சம்பளச் சீட்டில் இந்தக் கழிவு இருக்காது. வங்கிக் கணக்கில்தான் தெரியும்.

வருமான வரியில் ஒரு சலுகை உண்டு. கட்டும் வட்டி முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், 8 ஆண்டுகள் வரை. அசலுக்குக் கிடையாது. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே கிடைக்கும். வங்கியிடம் வட்டிச் சான்றிதழ் வாங்கி அலுவலகத்தில் கொடுத்தால் மாதப் பிடித்தம் குறையும். இதைத் தெரிஞ்சு வச்சுக்குங்க.

ஆனால் சலுகை யாருக்கு? பழைய முறையில் 10 லட்சத்துக்கு மேல் சம்பாதிப்பவர் 100 ரூபாய் வட்டி கட்டினால் 30 ரூபாய்க்கு மேல் வரி மிச்சம். எனக்கு வரியே இல்லை, மிச்சமும் இல்லை. அதே 100 ரூபாயை நான் முழுசாக் கட்டறேன். கல்லூரியில் சேர எங்கம்மா வாங்கிய கந்துவட்டிக் கடனோ சட்டத்தின் கண்ணில் கல்விக் கடனே அல்ல.

இங்கிலாந்தில் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம். இளநிலைப் பட்டத்துக்கான கடன் என்றால், தாண்டிய தொகையில் நூற்றுக்கு 9. வேலை போய் வருமானம் நின்றால் பிடித்தமும் நிற்கும். இங்கே வேலை போனாலும் தவணை நிற்காது. கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவைத் தேடி வருவார்கள்.

வரிச் சலுகை வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளத்துக்கு ஏற்ற தவணை கேட்போம். இரண்டரை லட்ச வரம்பை உயர்த்தச் சொல்லிக் கேட்போம். படிப்பு நம் உரிமை. அதுக்கு வட்டி கட்டணும்னா அது என்ன உரிமை, தோழர்களே?