கேஷும் காசும்



தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் பேசிவிட்டு வெளியே வருகையில் ஒரு மாணவர் என்னை வழிமறித்தார். "ஐயா, ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பது நம் 'காசு' தானே?" என்றார். 'ஆம்' என்ற விடையையே அவர் எதிர்பார்த்தார் என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்குச் சொன்னதையே இன்று சற்று விரித்துச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உள்ளன. கையிலுள்ள ரொக்கத்தைக் குறிப்பது ஒன்று. அது தமிழன்று. பெட்டி எனப் பொருள்படும் 'காப்ஸா' என்னும் இலத்தீன் சொல்லே அதன் மூலம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்திற் புகுந்தபோது பணப்பெட்டிக்கும் அதுவே பெயர். பெட்டிக்குள் இருந்த பணத்துக்கும் அதுவே பெயர். இதில் வியப்பென்ன? நம் கடைவீதியிலும் 'கல்லா' என்றால் பெட்டியுந்தான், அன்றைய வரவுந்தான். ஒலி ஒத்த இடமெல்லாம் உறவு கொண்டாடுவது மொழிநூல் ஆகாது.

மற்றொன்று ஒரு நாணயத்தின் பெயர். அதுதான் நம்முடையது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடு நான்கனுள் 'காசு' ஒன்றன்றோ? அவ்வளவு பழைய சொல். வடமொழிக் 'கர்ஷ'த்தோடு அதைச் சார்த்துவாரும் உளர். அது வேறு வழக்கு.

அச்சொல்லை ஐரோப்பியர் ஏட்டில் ஏற்றியவர்கள் போர்த்துக்கீசியர். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் செல்வோர் நாள்தோறும் காணும் பரங்கிமலையின் உச்சியில், பதினாறாம் நூற்றாண்டில் மாதா கோயில் எழுப்பினார்களே, அவர்கள்தாம். காதில் விழுந்த 'காசு'வை அவர்கள் தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா'வின் வடிவிலேயே எழுதினார்கள். அந்தக் கைஷாவும் காப்ஸாவின் பிள்ளையே! ஆங்கிலேயர் வாயிலும் இரண்டும் ஓருருவாயின. சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்துக்கும் அவர்கள் இந்த நாணயப் பெயரையே சூட்டினர். சீனர் அதை வேறு பெயரால் அழைத்தனர். ஆங்கில நூல்களிலோ இன்றளவும் அது நம் காசு.

சென்னையில் கும்பெனியார் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக, வராகனுக்கு 3,360 காசு! இதை மனனம் செய்த பிள்ளைகளுக்காக இரங்குகிறேன். 1818இல் ரூபாய் வந்து அவர்களை விடுவித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இங்கிலாந்தில் அச்சிட்ட 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் அந்நாட்டுக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பிற்காலத்தில் மூழ்காளர்கள் அவற்றை அள்ளி வந்தனர். ஒருபுறம் கும்பெனியின் இலச்சினை. மறுபுறம் பாரசீக எழுத்தில் 'காஸ்'. அதன் கீழே ஆங்கில எழுத்தில் 'கேஷ்'.