பெண்ணாசிரியரும் தாய்மொழியும்

(மகளிர் அரங்கொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் தோய எழுதிப் பழகிய குழந்தை, எழுத்தறிந்த பின் ஓதிய முதல் நூல்களுள் ஒன்று ஆத்திசூடி. அதனை இயற்றியவர் ஒரு பெண்பாற் புலவர். தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முதலாசிரியராக விளங்கியவர் ஔவை என்னும் மூதாட்டியார். ஆயினும், அந்தப் பாட்டியின் நூலைப் பயிலும் திண்ணையிலே பேர்த்திக்கு இடமில்லாமற் போயிற்று. அந்த இடம் எவ்வாறு மீட்கப்பட்டது, மீட்டவர் யாவர், மீட்பில் குறைபட்டு நின்றது யாது என்பவற்றைத் தமிழ்ப் பெண்டிர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் அத்திண்ணையின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில், படைவீரரின் ஆண் குழந்தைகளுக்கான புகலில்லம் ஒன்றுக்குப் பொறுப்பேற்றார் ஆண்டுரு பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபையாளர். ஆசிரியர் பற்றாமல் அவர் இடர்ப்பட்டார். அந்நிலையில், நாட்டுப் பள்ளிக் குழந்தைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்திலும் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த எவர்க்கும் இம்முறை புதியதன்று. 1797இல் அவர் இலண்டனில் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரோடே அது இங்கிலாந்தில் பரவிற்று. சட்டாம்பிள்ளைகளைப் பழக்கி ஆசிரியராக்கும் வழக்கமும் அங்கே அதனோடு வளர்ந்தது. ஆங்கில நாட்டின் ஆசிரியப் பயிற்சி வரலாற்றில் தமிழ் மணலுக்கும் ஒரு பங்கு உண்டு!

ஆனால், பெருமையோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. சென்னை மாநில ஆளுநர் தாமசு மன்றோ, 1822ஆம் ஆண்டு பள்ளிக் கணக்கெடுக்குமாறு தண்டலர்க்கெல்லாம் ஆணையிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாள நிலங்களை உள்ளடக்கிய அப்பெருநிலப் பரப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாக 1826இல் அவர் பதிவு செய்தார். அம்மாணவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு மூவர்கூட இல்லை! அவருள்ளும் பலர் கோயில் ஆடல்மகளிர் குடும்பத்தினர். ஆங்கிலேயன் வருமுன் இந்நாட்டில் கல்வியே இல்லை என்பாரின் வாயை முதலெண் அடைக்கும். அக்காலத்தில் அனைவரும் கற்றிருந்தனர் எனப் பழம்பெருமை பேசுவாரின் வாயை இரண்டாம் எண் அடைக்கும்.

பெண்கல்வி ஏன் வளரவில்லை? ஒன்பது, பத்து அகவை கடந்த பெண்ணை ஆணாசிரியரிடம் அனுப்பப் பெற்றோர் ஒருப்படவில்லை. பெண்ணாசிரியரோ இல்லை. பெண்கள் கல்லாமையால் பெண்ணாசிரியர் தோன்றவில்லை. பெண்ணாசிரியர் இன்மையால் பெண்கள் கற்கவில்லை. விதையின்றி மரமில்லை, மரமின்றி விதையில்லை என்ற நிலை! இந்த வளையத்தை உடைக்க ஒரே வழிதான் இருந்தது. பெண்களைப் பயிற்றி ஆசிரியராக்குவதே அது.

அதற்கு முதற் சம்மட்டி ஓங்கியவர்கள் கிறித்தவச் சமயத் தொண்டர்கள். ஈழத்து யாழ்ப்பாணத்தில் அமெரிக்கத் தொண்டர்கள் 1824இல் உடுவில் என்னும் ஊரில் பெண்களுக்கென உறைவிடப் பள்ளியைத் தொடங்கினர். அதனை நிறுவியவர் ஆரியட்டு வின்சுலோ அம்மையார். 1840இல் அங்கு வந்த எலிசா ஆக்னியூ அம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அப்பள்ளிக்குத் தலைமை தாங்கினார். அங்குக் கற்ற தமிழ்ப் பெண்கள் பலர் தாமே ஆசிரியராகி ஊர்தோறும் சென்றனர். தென்பாண்டி நாட்டுப் பாளையங்கோட்டையிலும் பெண்ணாசிரியர்க்கான பயிற்சிப் பள்ளி எழுந்து, சாராள் தக்கர் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் பெயரைத் தாங்கிற்று. அத்தொண்டரின் நோக்கம் மதம் பரப்புதலே என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், தமிழ்ப் பெண்ணின் கையில் ஏட்டைக் கொடுக்கத் தமிழ்ச் செல்வர்கள் முன்வராத நாளில், கடல்கடந்து வந்தவர் கொடுத்தனர் என்பதையும் மறைத்தலாகாது.

அரசு விழித்துக்கொண்டது பின்னரே. பிரிசுட்டலைச் சேர்ந்த மேரி கார்ப்பெண்டர் அம்மையார் 1866இல் இந்தியாவுக்கு வந்து, சென்னையையும் கண்டார். பெண்பள்ளிகளிலும் ஆண்களே ஆசிரியராயிருத்தலைக் கண்டு, பெண்ணாசிரியப் பயிற்சிப் பள்ளிகளை அரசே தொடங்க வேண்டும் என வற்புறுத்தினார். அதன் பயனாகச் சென்னையில் 1870ஆம் ஆண்டு அரசின் பெண்ணாசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. தமிழ்த் திண்ணையின் முறை கடல்கடந்து சென்று, பயிற்சிப் பள்ளி என்னும் புதுவடிவில் பெண்ணுக்காகத் திரும்பி வந்தது!

வளர்ச்சியோ ஆமை நடையாயிற்று. 1882இல் அமைந்த அண்டர் கல்விக் குழுவின் காலத்தில், ஆங்கிலேயர் ஆண்ட இந்தியா முழுமைக்கும் பெண்ணாசிரியப் பயிற்சிப் பள்ளிகள் 15. அவற்றில் பயின்றோர் 515 பேர். அதே காலத்தில் பெண்களுக்கான தொடக்கப் பள்ளிகள் 2,600. அவற்றிற் பயின்ற சிறுமியர் 82,420 பேர். இத்துணைச் சிறுமியர்க்கு அத்துணைச் சிலரே பயிற்சி பெற்று வந்தனர்! வந்தவரும் பெரும்பாலும் கிறித்தவப் பெண்டிர். ஏனையோர் வீட்டுப் பெண்களுக்கு இளமை மணமும், கைம்மைக் கொடுமையும் காலிற் பூட்டிய விலங்குகளாயிருந்தன.

அந்த விலங்கையே கருவியாக்கினார் ஆர். எசு. சுப்புலட்சுமி அம்மையார். 1886இல் பிறந்து, பதினோராம் அகவையில் கைம்பெண்ணாகி, 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர் அவர். இளங்கைம்பெண்களைச் சேர்த்துப் படிப்பித்து ஆசிரியராக்குவதற்கென 1912இல் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். மூலையில் முடங்கியவர் கரும்பலகையின் முன் நிமிர்ந்து நின்றனர். 1922இல் சென்னையில் வெலிங்டன் சீமாட்டி பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அதன் முதல் முதல்வரும் அவரே. ஆயினும், அவர் தொடங்கிய இல்லத்தின் கதவு பார்ப்பனக் கைம்பெண்களுக்கு மட்டுமே திறந்தது. உழவர் குடியிலும் நெசவாளர் குடியிலும் பிறந்து கைம்மையுற்ற தமிழ்ப் பெண்ணுக்கு அங்கு இடமில்லை. அவருடைய தொண்டையும் வரலாறு சொல்ல வேண்டும்; அத்தொண்டின் எல்லையையும் சொல்ல வேண்டும்.

இனி, குறைபட்டு நின்றது யாதெனப் பார்ப்போர்க்கு ஒன்று தெளிவாகும். கதவு திறந்தது, ஆனால் உள்ளே அரியணையில் இருந்தது ஆங்கிலம். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்க்கான பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் பயின்றவர் தாழ்நிலை ஆசிரியராயினர். தமிழ் கற்பித்த புலவர்க்கோ ஏனைப் பாடம் கற்பித்தவரினும் சம்பளம் குறைவு, மதிப்பும் குறைவு. தாய்மொழியைக் கற்பிப்பவர் தம் தாய்நாட்டிலேயே கடைசி நாற்காலியில் அமர்த்தப்பட்டார்!

இவ்விழிவை எதிர்த்தவரும் பெண்களே. 1916இல் தனித்தமிழ் இயக்கம் அரும்பியபோது, தந்தை மறைமலையடிகளுடன் 'தேகம்' என்னும் வடசொல்லையும் 'யாக்கை' என்னும் தென்சொல்லையும் சீர்தூக்கியவர் 13 அகவைச் சிறுமி நீலாம்பிகை. வளர்ந்து சென்னையில் தமிழாசிரியப் பணி புரிந்தார். 'தனித்தமிழ்க் கட்டுரைகள்', 'முப்பெண்மணிகள் வரலாறு' முதலிய நூல்களை எழுதினார். அவர் தொகுத்த 'வடசொற்றமிழ் அகரவரிசை' பிறசொல்லைக் களைய விழையும் ஆசிரியர் கையில் இருக்கத்தக்க கருவி. 1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் கூடித் தந்தை பெரியார்க்குப் 'பெரியார்' என்னும் பட்டம் வழங்கிய பெண்கள் மாநாட்டின் தலைவரும் அவரே.

அம்மாநாட்டிற்கு உழைத்தவருள் ஒருவர் மருத்துவர் தருமாம்பாள் அம்மையார். இந்தி எதிர்ப்புப் போரில் சிறை புகுந்தவர். தமிழாசிரியர்க்கும் ஏனை ஆசிரியர்க்கும் ஒத்த சம்பளம் வேண்டும் எனக் கேட்டு, கொடாவிடின் 'இழவு வாரம்' கொண்டாடுவோம் என அறிவித்தார். அவினாசிலிங்கனார் கல்வியமைச்சராயிருந்த காலத்தில் அக்கோரிக்கை ஏற்கப்பட்டது. இன்று தமிழாசிரியர் தலைநிமிர்ந்து பெறும் சம்பளத்தில் அவ்வம்மையாரின் உழைப்பு கலந்திருக்கிறது. அதனை எத்தனை தமிழாசிரியர் அறிவர்?

தமிழ் நெஞ்சங்களே! 515 பேரைத் தேடிச் சேர்க்க இடர்ப்பட்ட காலம் போயிற்று. இன்று தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளிற் பெண்ணாசிரியரே மிகுதி. ஆனால் 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவின. தமிழே பேசும் ஆசிரியர், தமிழே அறிந்த குழந்தைக்கு, இருவர்க்கும் அயலான மொழியில் பாடம் சொல்கிறார். குழந்தை கிளியாகிறது, ஆசிரியர் ஒப்புவிப்பவராகிறார். முன்பு பேர்த்திக்குத் திண்ணை மறுக்கப்பட்டது. இன்று திண்ணை இருக்கிறது. பாட்டியின் மொழி மறுக்கப்படுகிறது. முன்னையதை விடப் பின்னையது சிறிய கொடுமையா?

ஆதலால், ஆசிரியப் பயிற்சி எந்நிலையிலும் தமிழிலேயே நடைபெற வேண்டும். அறிவியலையும் கணக்கையும் நல்ல தமிழில் எளிதாகச் சொல்லும் திறமே பயிற்சியின் உரைகல்லாக வேண்டும். தாய்மார் தம் பிள்ளைகளைத் தமிழ்வழியிற் சேர்க்க வேண்டும். பெண்ணாசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பில் நாளும் ஒரு பிறசொல்லை நீக்கி, ஒரு தமிழ்ச்சொல்லை நாட்ட வேண்டும். மணலில் எழுதக் கற்பித்து உலகுக்கே வழிகாட்டிய இனம், தன் மகளுக்குத் தன் மொழியில் கற்பிக்கக் கூசலாமா?

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்ப் பெண்டிர் தொண்டு!