நடுப்பார்வை



கார்த்திகைத் திங்களில், தெளிந்த இரவொன்றில், கார்த்திகை மீன் கூட்டத்தை நோக்குங்கள். நேரே உற்று நோக்குங்கால் ஒளி மங்கிய சில மீன்கள் கண்ணுக்கு அகப்படா. பார்வையைச் சற்றே அப்பால் செலுத்தினால் அவை தோன்றும். வான நூலார் இம்முறையை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். நேரே பார்க்க மறைவதும், ஒதுங்கிப் பார்க்கத் தெரிவதும் எதனால்?

நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இருவகைப்படும். ஒருவகை கூம்புச் செல்கள். ஏறத்தாழ 60 லட்சம். மற்றொருவகை குச்சிச் செல்கள். ஏறத்தாழ 12 கோடி. குச்சிச் செல்கள் மங்கிய ஒளியிலும் தொழிற்படும். ஆயினும் நுட்பம் காட்டா. கூம்புச் செல்கள் நிறமும் நுட்பமும் காட்டும். ஆயினும் நல்ல ஒளி வேண்டும். விழித்திரையின் நடுவே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இடம் உண்டு. அதனை மஞ்சள் புள்ளி என்பர். அதன் மையத்தில் கூம்புச் செல்கள் மட்டுமே நெருங்கி நிற்கின்றன. எழுத்தைப் படிப்பதும், முகத்தை அறிவதும், ஊசியில் நூல் கோப்பதும் இச்சிறு இடத்தின் தொழிலே.

மஞ்சள் புள்ளி சிதைவது பெரும்பாலும் மூப்பில் நேர்வது. ஆனால் இளமையிலேயே அதனைத் தாக்கும் நோயொன்றும் உண்டு. 1909-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஸ்டார்கார்ட் என்பவர் அதனை விளக்கி எழுதினார். ஆகவே அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பேரில் ஒருவருக்கு அது வருவதாகக் கணக்கிட்டுள்ளனர். அதற்குக் காரணமான மரபணுவை 1997-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். கண் ஒளியை உணரும்போது வைட்டமின் 'ஏ'யிலிருந்து சில கழிவுகள் உண்டாகின்றன. அவற்றை அகற்ற வேண்டிய புரதம் பழுதுபட்டால், கழிவு தேங்கி, செல்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தாலன்றி இந்நோய் பொதுவாகத் தோன்றுவதில்லை. அவ்விருவர் பார்வையிலும் குறை இராது. உறவுக்குள் மணம் புரியும் குடும்பங்களில் இவ்வாறான நோய்கள் மிகுவதற்கு இதுவே காரணம்.

என் தமக்கையின் பெயர்த்தி ஒருத்திக்கு இந்நோய் உண்டென்பது அவளுடைய இருபதாம் வயதில் தெரியவந்தது. அவளுடைய பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளுமாவர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பேருந்தின் பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயரின் நடு எழுத்துகள் மட்டும் அழிந்தாற்போல் தோன்றின. மூன்று முறை மூக்குக்கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. எதிரே வரும் தோழியின் முகம் புலப்படாமையால் புன்னகை செய்யாது கடந்து போனாள். கர்வம் பிடித்தவள் என்ற பெயர் வந்தது. பின்னரே விழித்திரையைச் சோதித்துப் பெயர் சொன்னார்கள்.

வீட்டில் இருந்தோர் முதலிற் சொன்ன சொல், "வெளியே சொல்லாதே" என்பது. அவளுக்கு மணம் ஆக வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. உறவினர் ஒருவர் கண்ணுக்கு நல்லதென்று மீன் எண்ணெய் மாத்திரைகளை வாங்கிவந்தார். நான் போனபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே: "முற்றும் கண் தெரியாதவர்களுக்குக் கைக்கோல் உண்டு, பிரெய்ல் உண்டு. தெரிபவர்களுக்கு எல்லாமே உண்டு. நான் எதில் சேர்த்தி, தாத்தா?"

மாணவர்களே, இந்நோயின் துன்பம் முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கியிருக்கிறது. தரையிற் கிடக்கும் சாவிக்கொத்தை ஓரக்கண்ணாற் கண்டு எடுக்கிறாள். எதிரே நிற்கும் ஆசிரியரை அறிகிலள். காண்போர் இதனை நம்புவதில்லை. நோயின் தொடக்கத்தில் விழித்திரையிற் குறி ஒன்றும் தென்படாமல் இருப்பதும் உண்டு. ஆகையால், படிக்க மனமின்றிப் பாசாங்கு செய்கிறார்கள் என்ற பழியையும் சிலர் சுமக்கின்றனர். முழுக்குருடுமன்று, முழுப்பார்வையுமன்று, இஃது ஒரு தனி நிலை. அதனைத் தனி நிலையென்றே ஏற்றுக்கொண்டு, அதற்குரிய வழிகளைக் கற்பதே செய்யத் தக்கது. மறைப்பதனால் அக்கல்வி தள்ளிப்போகுமேயன்றி நோய் தள்ளிப்போகாது.

அவள் அவ்வழிகளைக் கற்றாள். விண்மீனைப் பார்ப்போர் செய்வதையே அவள் எழுத்துக்கும் முகத்துக்கும் செய்யப் பழகினாள். மஞ்சள் புள்ளிக்கு வெளியே நலமாயிருக்கும் ஓரிடத்தைக் கண்டறிந்து, அதனாற் பார்ப்பது அப்பயிற்சி. பயிற்றுவோர் துணையோடு பல வாரங்கள் முயன்றாள். ஓரத்தில் நுட்பம் குறைவாதலால் எழுத்து பெரிதாக வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி, தோளின் பின்னிருந்து பக்கத்தின்மேல் விழும் நல்விளக்கு, தடித்த கறுப்பு மை, எழுத்தைப் பெரிதாக்கியும் தமிழை வாய்விட்டுப் படித்தும் காட்டும் கைப்பேசி ஆகியவை அவளுக்குக் கருவிகளாயின. மீன் எண்ணெய் மாத்திரைகளை மருத்துவர் விலக்கினார். வைட்டமின் 'ஏ'யை மாத்திரையாக மிகுதியும் உட்கொள்வது இந்நோய்க்கு ஆகாது. நாளும் உண்ணும் கீரையையும் பழத்தையும் நிறுத்த வேண்டுவதில்லை. வெயிலிற் செல்கையில் கறுப்புக்கண்ணாடி அணியச் சொன்னார். இழந்த பார்வையை மீட்கும் மருந்து இன்னும் கைக்கு எட்டவில்லை, ஆய்வுகள் நடந்துவருகின்றன.

தான் ஓட்டிவந்த இருசக்கர வண்டியின் சாவியை, ஒருவரும் கேளாமுன்னரே, அவள் தன் தந்தையின் கையிற் கொடுத்துவிட்டாள். அன்றிரவு அவள் உண்ணவில்லை என்று என் தமக்கை சொன்னாள். அதனை நான் இங்கே மறையாது கூறுகிறேன். துயரமே இல்லாமல் இதனைக் கடந்தாள் என்று நீங்கள் எண்ணுதல் கூடாது.

பின்னர் ஒருநாள், பேராசிரியரின் இசைவு பெற்று, வகுப்பின் முன் நின்று ஐந்து நிமிடம் பேசினாள். "உங்கள் முகம் எனக்குத் தெரியாது, குரல் தெரியும். என்னைக் கண்டால் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நான் உங்கள் காதைப் பார்த்துப் பேசுவேன், அப்போதுதான் உங்கள் முகம் எனக்குச் சிறிது தெரிகிறது" என்றாள். கர்வம் பிடித்தவள் என்ற பேச்சு அதனோடு முடிந்தது.

சட்டமும் அவள் நிலையைத் தனி நிலையாகவே ஏற்றிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளைக் கூறுகிறது. அவற்றுள் பார்வையின்மை ஒன்று, குறைபார்வை ஒன்று. வரையறுத்த அளவுக்குக் குறைபாடுள்ளோர்க்கு அரசின் உயர்கல்வி நிலையங்களிலும், அரசின் உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் உண்டு. தேர்வில் எழுதித் தருவோரின் துணையும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கோரலாம். மூன்று மணித் தேர்வுக்கு அஃது ஒரு முழு மணி நேரமாகும். இவை இரக்கத்தால் ஈவன அல்ல, உரிமையாற் பெறுவன. கோரிப் பெறுதற்கு முதற்படி, மருத்துவச் சான்றோடு உண்மையை வெளியே சொல்லுதலே.

அமெரிக்க நாட்டு ஓட்டவீராங்கனை மார்லா ரன்யன் ஒன்பதாம் வயதில் இந்நோய்க்கு ஆளானவர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் பந்தயத்தில், பார்வையுடையாரோடு 1,500 மீட்டர் ஓடி எட்டாம் இடம் பெற்றார். எல்லோரும் ஒலிம்பிக்கில் ஓட வேண்டுவதில்லை. நாளைய பாடத்தை நாளை படித்து முடித்தாற்கூட அது சிறிய வெற்றியன்று.

இனி உங்களுக்கு ஒரு சொல். உங்கள் வகுப்பில் ஒருவர் கரும்பலகையை நோக்கிச் சாய்ந்து பார்ப்பாராயின், தெரிந்தவரைக் கண்டும் காணாதவர்போற் போவாராயின், அவரை நகையாடாதீர்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்களுட் சிலர் ஆசிரியராவீர்கள். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுக என்று எங்களுக்கு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிற் கற்பித்தனர். செலவில்லாத அப்பழக்கம் கடைசி வரிசை மாணவனுக்கு உதவுவது போலவே நடுப்பார்வை குன்றியவனுக்கும் உதவும். நண்பரைக் கண்டால் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர் உங்கள் முகத்தை நேரே நோக்காவிடினும், உங்களைத்தான் பார்க்கிறார் என்று நம்புங்கள்.