அரியணையை வேண்டாமென்ற படைத்தலைவர்



போர்க்களத்தில் படையை நடத்தி வெற்றி காண்பது ஒருவகை ஆற்றல். அமைதிக் காலத்தில் மக்களை ஆள்வது வேறுவகை ஆற்றல். முன்னதைக் கண்டு பின்னதும் அவரிடம் இருந்தே தீரும் என்று ஒரு நாடு நம்பிவிட்டால் என்ன நேரும்? இக்கேள்விக்கு விடை காண விழைவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பெயினின் வரலாற்றைப் பார்த்தல் நலம். அந்நாட்டில் அக்காலத்தே படைத்தலைவர்கள் பலர் அரசியல் தலைவர்களாயினர். அவர்களுள் மிக உயரத்துக்கு ஏறியவரும், ஏறிய உயரத்திலிருந்து வீழ்ந்தவரும், இறுதியில் தம்மைத் தேடிவந்த முடியையே மறுத்தவருமான பால்தோமெரோ எஸ்பார்ட்டெரோ என்பவரைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

எஸ்பார்ட்டெரோ 1793-ஆம் ஆண்டு லா மான்ச்சாப் பகுதியில் கிரானாத்துலா என்னும் சிற்றூரில் பிறந்தார். டான் குவிக்ஸாட் கதையைப் படித்த மாணவர்களுக்கு லா மான்ச்சா என்ற பெயர் புதியதன்று. அவருடைய தந்தையார் வண்டி செய்யும் தச்சர்; பிள்ளைகள் பலரைப் பெற்றவர். இந்தப் பையனைப் பாதிரியாராக்க வேண்டுமென்பது குடும்பத்தாரின் எண்ணம். ஆனால் 1808-இல் நெப்போலியனுடைய படைகள் ஸ்பெயினுக்குள் புகுந்தன. படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் ஏட்டை வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினர். எஸ்பார்ட்டெரோவும் அவர்களுள் ஒருவரானார். உயர்குடிப் பிறப்பே உயர் பதவிக்கு வழி என்றிருந்த நாட்டில், தச்சர் மகன் ஒருவன் படையில் அதிகாரியாக முடிந்ததற்கு அந்தப் போரே காரணம்.

பிரெஞ்சுப் போர் முடிந்ததும், 1815-இல் அவர் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே ஸ்பானியக் குடியேற்ற நாடுகள் விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்தன. பெரு நாட்டில் பல ஆண்டுகள் ஸ்பானிய அரசின் சார்பில் போரிட்டுப் படிப்படியாக உயர்ந்தார். 1824 டிசம்பரில் அயாகுச்சோ என்ற இடத்தில் ஸ்பானியப் படை முற்றாகத் தோற்றது. அப்போது அவர் அரசாங்கக் காரியமாகத் தாயகம் சென்றிருந்தார்; திரும்பி வந்து கரையிறங்கியதும் சிறைப்பட்டார். பின்னர் விடுதலை பெற்று ஊர் திரும்பினார். பிற்காலத்தில் அவரையும் அவர் நண்பர்களையும் எதிரிகள் ‘அயாகுச்சோக்காரர்’ என்று ஏளனம் செய்தனர். அந்தப் போரில் கலந்துகொள்ளாத ஒருவருக்கு அந்தப் போரின் பெயரே பட்டமாயிற்று! அரசியலில் உண்மையைவிடப் பட்டப் பெயர் நெடுநாள் வாழும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1827-இல் லொக்ரோன்யோ நகரத்துச் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த ஹசிந்தா என்னும் அம்மையாரை மணந்தார். இவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. இச்செய்தியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்கு ஒரு பொருள் உண்டு.

1833-இல் ஏழாம் பெர்டினாண்டு மன்னர் இறந்தார். அவருடைய மகள் இஸபெல்லாவுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. குழந்தை அரசியின் சார்பில் தாயார் மரியா கிறிஸ்டினா ஆட்சியை ஏற்றார். ‘பெண் ஆளலாகாது, அரியணை எனக்கே உரியது’ என்று மன்னரின் தம்பி டான் கார்லோஸ் கிளம்பினார். பழைய சமய வழக்கங்களும் தத்தம் மாநில உரிமைகளும் அழியாதிருக்க வேண்டுமென்று விரும்பிய பாஸ்க் நாட்டு மக்களும் நவார்ரா மக்களும் அவர் பக்கம் நின்றனர். அரசியலமைப்புச் சட்டத்தை விரும்பியவர்கள் குழந்தை அரசியின் பக்கம் சேர்ந்தனர். ஏழாண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்தது.

இப்போரிலே எஸ்பார்ட்டெரோவின் பெயர் நாடெங்கும் பரவியது. 1836-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள்; கிறிஸ்துமஸ் முன்னிரவு. பில்பாவோ நகரம் எதிரியின் முற்றுகையில் சிக்கித் தவித்தது. பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. படைத்தலைவரோ நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். லுச்சானா பாலத்தருகே சண்டை கடுமையாவதைக் கேட்டதும் எழுந்து குதிரையேறி முன்னணிக்குச் சென்றார். மறுநாள் பில்பாவோ மீட்கப்பட்டது. அவருக்கு லுச்சானாப் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. அவர் அஞ்சா நெஞ்சினர். ஆனால் இரக்கம் குறைந்தவர். 1835-இல் கொள்ளையடித்த குற்றத்துக்காகத் தம் படைப்பிரிவு ஒன்றை வரிசையில் நிறுத்தி, சீட்டு விழுந்த பத்துப் பேரைச் சுடச் செய்தார். இந்தக் கடுமையையும் நாம் மறத்தலாகாது.

எனினும் அவருடைய பெரும் புகழ் ஒரு தழுவலால் வந்தது. 1839 ஆகஸ்டு 31-ஆம் நாள் வெர்காரா என்னும் ஊரில் இரு படைகளும் எதிரெதிரே அணிவகுத்து நின்றன. எதிர்ப்படைத் தலைவர் மரோட்டோவும் எஸ்பார்ட்டெரோவும் குதிரைமீது முன்னே வந்து, அனைவர் கண்ணெதிரிலும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். தோற்ற பக்கத்து அதிகாரிகளின் பதவியும் சம்பளமும் ஏற்கப்பட்டன. பாஸ்க் மக்களின் பழைய உரிமைகளைப் பாராளுமன்றத்தின் முன் பரிந்துரைப்பதாக எஸ்பார்ட்டெரோ வாக்களித்தார். தோற்றவனை இழிவு செய்யாத வெற்றி இது. சில நாட்களில் டான் கார்லோஸ் பிரான்ஸுக்குப் போய்விட்டார். மறு ஆண்டு எஞ்சிய சண்டையும் ஓய்ந்தது. ‘அமைதி தந்த தலைவர்’ என்று நாடு அவரைப் போற்றியது.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1840-இல் நகரசபைத் தலைவர்களை அரசாங்கமே நியமிக்கலாம் என்ற சட்டம் வந்தது. நகரங்கள் கொதித்தெழுந்தன. மக்கள் பக்கம் நின்ற எஸ்பார்ட்டெரோவை எதிர்த்து நிற்க இயலாமல் மரியா கிறிஸ்டினா பதவி துறந்து நாட்டை விட்டு வெளியேறினார். 1841 மே மாதம் பாராளுமன்றம் கூடி, அரசிக்கு வயது வரும்வரை ஆள்வதற்கு எஸ்பார்ட்டெரோவை 179 வாக்குகளால் தேர்ந்தெடுத்தது. முதிய அரசியலறிஞர் ஆர்குவெல்லஸ் 103 வாக்குகள் பெற்றார். தச்சர் மகன் நாட்டின் முதல்வனானான்!

ஆனால் படைமுகாமின் பழக்கம் ஆட்சி மன்றத்திலும் தொடர்ந்தது. தம்முடன் போரிட்ட நெருங்கிய நண்பர்களையே அவர் சூழ வைத்துக்கொண்டார். மாறுபட்ட கருத்தைக் கீழ்ப்படியாமை என்று கருதினார். 1841 அக்டோபரில் சில தளபதிகள் அரண்மனையிலிருந்து சிறுமி அரசியைக் கவர்ந்து செல்ல முயன்று தோற்றனர். அவர்களுள் டியேகோ டி லியோன், முந்திய போரில் அரசியின் கொடியின் கீழ் வீரம் காட்டியவர். மன்னிக்குமாறு பலர் வேண்டினர். எஸ்பார்ட்டெரோ மன்னிக்கவில்லை, லியோன் சுட்டுக்கொல்லப்பட்டார். வெர்காராவில் பகைவனைத் தழுவிய கைகளால் பழைய தோழனைத் தழுவ இயலவில்லை.

மறு ஆண்டு இதனினும் பெரிய சோதனை வந்தது. பார்சலோனா பருத்தி ஆலைகள் நிறைந்த நகரம். இங்கிலாந்துடன் வாணிப ஒப்பந்தம் வந்தால் மலிவுத் துணி குவிந்து தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அங்குள்ள முதலாளிகளும் அஞ்சினர், தொழிலாளிகளும் அஞ்சினர். வரிச்சுமையும் கட்டாயப் படைச்சேர்ப்பும் சேர்ந்துகொண்டன. 1842 நவம்பரில் நகரம் கிளர்ந்தது. டிசம்பர் 3-ஆம் நாள் மோன்ஜூயிக் குன்றின் கோட்டையிலிருந்து பீரங்கிகள் நகரின்மீது முழங்கின. ஏறத்தாழ ஆயிரம் குண்டுகள் விழுந்தன. வீடுகள் நூற்றுக்கணக்கில் சேதமடைந்தன. நகரம் பணிந்தது. அதன்மேல் பெருந்தொகை தண்டமும் விதிக்கப்பட்டது.

பில்பாவோவை மீட்டவர் பார்சலோனாவைச் சுட்டார் என்ற சொல் நாடெங்கும் பரவியது. எந்தக் கட்சி அவரை உயர்த்தியதோ அந்தக் கட்சியினரிலேயே பலர் எதிரிகளாயினர். 1843 கோடையில் நார்வாயெஸ், பிரிம் முதலிய தளபதிகள் எழுந்தனர். எஸ்பார்ட்டெரோ தெற்கே கடற்கரை வரை பின்வாங்கி, ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்றில் ஏறி இங்கிலாந்து சென்றார். அக்கப்பலின் பெயர் ‘மலபார்’. நம் நாட்டுப் பம்பாய்த் துறைமுகத்தில் கட்டப்பட்டது அது.

அரசியின் ஆணையால் 1848-இல் தாயகம் திரும்பி லொக்ரோன்யோவில் தங்கினார். 1854-இல் மீண்டும் புரட்சி மூண்டது. அரசி அவரையே முதலமைச்சராக அழைத்தாள். மாட்ரிட் மக்கள் முன்னிலையில் மற்றொரு தளபதியான ஓ’டானெல் என்பவரை அவர் தழுவிக்கொண்டார். இந்த இரண்டாவது ஆட்சியில் பயனுள்ள சட்டங்கள் சில வந்தன. 1855-இல் வந்த இருப்புப்பாதைச் சட்டம் நாட்டில் ரயில்கள் பெருக வழி செய்தது. அதே ஆண்டில் திருச்சபை நிலங்களையும் ஊர்ப் பொது நிலங்களையும் விற்கும் சட்டமும் நிறைவேறியது. கருவூலம் நிரம்பியது, ஆனால் பொது நிலத்தில் ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த ஏழைகள் நலிந்தனர். 1856 ஜூலையில் ஓ’டானெலுடன் பிணக்கு முற்றியது. எஸ்பார்ட்டெரோ பதவி விலகினார். மாட்ரிட்டில் அவருக்காகத் தடுப்பரண் கட்டிப் போராடியவர்கள் தலைமை ஏற்க அவர் வருவார் என்று காத்திருந்தனர், அவர் வரவில்லை. கோழைத்தனம் என்றனர் சிலர். இன்னொரு உள்நாட்டுப் போருக்குத் தாம் காரணமாகலாகாது என்று எண்ணினார் என்பர் சிலர். நான் இரண்டாவது கருத்தின் பக்கமே சாய்கிறேன். ஆயினும், நம்பி நின்றவர்களைக் கைவிட்ட குறை அவர்மீது இருக்கவே செய்கிறது.

1868-இல் இஸபெல்லா அரசி நாட்டைவிட்டு நீங்கினாள். முடியாட்சி வேண்டும், ஆனால் முடி சூட ஆளில்லை என்ற விசித்திர நிலை ஸ்பெயினுக்கு ஏற்பட்டது. ஐரோப்பிய அரச குடும்பங்களில் ஆள் தேடி அலைந்தனர். ‘நம்மவர் ஒருவர் இருக்கையில் அயலார் எதற்கு?’ என்று மக்களில் பலர் எஸ்பார்ட்டெரோவின் பெயரைச் சொல்லினர். 1870-இல் அவருக்குக் கடிதம் எழுதி, பாராளுமன்றம் தேர்ந்தெடுத்தால் ஏற்பீர்களா என்று கேட்டவர் யார் தெரியுமா? 1843-இல் அவரை வீழ்த்த எழுந்த அதே பிரிம் தளபதி! எழுபத்தேழு வயதான எஸ்பார்ட்டெரோ நன்றி கூறி, முதுமையையும் உடல்நலக் குறைவையும் காட்டி மறுத்துவிட்டார். அவருக்குப் பின் முடி தரிக்க மகனும் இல்லை; அவர் இறந்த மறுநாளே பழைய சண்டை மீண்டும் தொடங்கியிருக்கும். நவம்பர் 16-ஆம் நாள் நடந்த தேர்தலில் இத்தாலிய இளவரசர் அமதேயோ 191 வாக்குகளால் மன்னரானார். மறுத்த பின்னும் எஸ்பார்ட்டெரோவுக்கு எட்டு வாக்குகள் விழுந்தன. அமதேயோ மன்னர் லொக்ரோன்யோவுக்கே சென்று அவரைக் கண்டார். 1872-இல் வெர்காரா இளவரசர் என்ற பட்டத்தையும் அளித்தார். 1879 ஜனவரி 8-ஆம் நாள் எஸ்பார்ட்டெரோ காலமானார்.

மாணவ நண்பர்களே! இவ்வாழ்வில் போற்றத்தக்கவையும் உள்ளன, தூற்றத்தக்கவையும் உள்ளன. மக்களின் விருப்பம் நிறைவேறட்டும் என்பதே அவர் வாயில் எப்போதும் இருந்த சொல். அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் தம்மை எதிர்ப்பவர்களும் மக்களே என்பதை அதிகாரத்தில் இருந்தபோது அவர் மறந்தார். படையில் ஆணை ஒன்று, கேள்வி இல்லை. ஆட்சியிலோ கேள்வியே முதலிடம் பெற வேண்டும். முகாமிலிருந்து மன்றத்துக்கு வருபவர் வாளை வாயிலில் வைத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. வாளின் பழக்கத்தையும் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

அவர் இரு முறை உண்மையாகவே உயர்ந்து நின்றார் என்பது என் எண்ணம். ஒன்று, வெர்காராவில் பகைவனைத் தழுவியபோது. மற்றொன்று, லொக்ரோன்யோ வீட்டிலிருந்து, முடி வேண்டாம் என்று எழுதியபோது. அவ்விரண்டு வேளைகளிலும் அவர் தம் கையில் இருந்த வலிமையைப் பயன்படுத்தாமல் விட்டார். அதனாலேயே அவை இன்றும் நினைவில் நிற்கின்றன.