பிறர் கிணற்றுக் கன்னெய்



பெட்ரோல் என மக்கள் வழங்கும் கன்னெய், காசு கொடுத்தால் கிடைக்கும் கடைப்பண்டங்களுள் ஒன்றாகவே பலராலும் கருதப்படுகின்றது. காசு தம்முடையது, வண்டியும் தம்முடையது, எரிப்பதும் எரியாது விடுவதும் தம் விருப்பம் என்பது அவர்தம் எண்ணம். காசு அவருடையதாக இருக்கலாம், நெய் அவருடையதன்று, அவர் வாழும் நாட்டினதும் அன்று.

இந்தியாவுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது அயல்நாடுகளினின்றே வருகின்றது. 2023-24ஆம் நிதியாண்டில் மட்டும் 23 கோடித் தொன்னுக்கு மேல் கப்பல்களில் வந்திறங்கிற்று. அதன் விலை பெரும்பாலும் அமெரிக்கத் தாலராகவே கொடுக்கப்படுகின்றது. அத் தாலரை ஈட்டுவதற்கு, நெசவாளி தறியில் குனிகின்றான். தோல் பதனிடுவோன் தொட்டியருகே நிற்கின்றான். மீனவன் கடலில் இரவைக் கழிக்கின்றான். ஆகலின், உந்துவண்டியில் ஒருநாளும் ஏறாதவன் உழைப்பும் ஏறுவோன் வண்டியில் எரிந்து புகைகின்றது.

பிறர் கையை நம்பியிருப்பதன் கேட்டினை ஞாலம் 1973இல் கண்டது. அவ்வாண்டு அக்டோபரில், இசுரேலுக்குத் துணைநின்ற நாடுகளுக்கு எண்ணெய் அனுப்புவதில்லை என அரபு நாடுகள் முடிவு செய்தன. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 தாலராக இருந்த விலை, 1974 தொடக்கத்தில் 12 தாலரை நெருங்கியது. நெதர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழுந்து ஓட்டுதல் தடுக்கப்பட்டது. அமெரிக்கா தன் நெடுஞ்சாலைகளில் வண்டி விரைவை மணிக்கு 55 மைலுக்குள் ஒடுக்கிற்று. செல்வச் செருக்குற்ற நாடுகளே அன்று சிக்கனம் கற்றன.

இந்தியாவுக்கு அப் பாடம் இன்னும் கடுமையாக வந்தது. 1990 ஆகத்து 2ஆம் நாள் ஈராக்குப் படை குவைத்தினுள் புகுந்தது. எண்ணெய் விலை ஏறிற்று. முன்னரே கடனால் தளர்ந்திருந்த நாட்டின் அயல்நாட்டுப் பண இருப்பு, சில கிழமை இறக்குமதிக்கே போதும் என்னும் அளவுக்கு வற்றியது. 1991 சூலையில் ஏறத்தாழ 47 தொன் பொன், இங்கிலாந்து வங்கியிடமும் சப்பான் வங்கியிடமும் ஈடாக வைக்கப்பட்டது. எண்ணெய் ஒன்றே அதற்குக் கரணியம் என்பதற்கில்லை. ஆயினும் கரணியங்களுள் அது பெரிது. வீட்டுப் பொன்னை அடகுக் கடைக்கு எடுத்துச் சென்ற குடும்பத்தார்க்கே அந் நாளின் இழிவு விளங்கும்.

'நம் மண்ணிலேயே கிணறு தோண்டினால் என்ன?' என்பார் உளர். காவிரிப் படுகையில் நரிமணம் முதலிய இடங்களில் எண்ணெய் எடுக்கப்படத்தான் செய்கின்றது. நாட்டின் வேட்கைக்கு அது மிகச் சிறிது. அது கிடைக்கும் இடமோ நெல் விளையும் நிலம். உழவர் பல்லாண்டு போராடியதன் பின்னரே, 2020இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் காவிரிப் படுகைப் பகுதியைக் காக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்குப் புதிய எண்ணெய், எரிவளித் திட்டங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றிற்று. வேட்கை வளர வளர, அச் சட்டத்தைத் தளர்த்தவேண்டும் என்னும் குரலும் வளரும். நகரத் தெருவில் வீணே எரியும் கன்னெய்க்கும் தஞ்சைக் கழனிக்கும் உள்ள தொடர்பு இதுவே.

இனி, பயன்படுத்துவோர் செய்யத்தக்கன யாவை? பொறியில் எரியும் கன்னெயின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வண்டியை நகர்த்துகின்றது. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாய்க் கழிகின்றது. அந்த ஒரு பங்கையும் பாழாக்குவது மாந்தனின் பொறுமையின்மை. விரைவு இருமடங்கானால், எதிர்க்கும் காற்றின் விசை நான்மடங்காகும். ஆதலின் மணிக்கு 50 கிலோ மீட்டர் அளவில் சீராகச் செல்வோன் சேமிக்கின்றான். பாய்ந்து சென்று தடையை அழுத்துவோன் இழக்கின்றான். உருளைகளில் காற்றுக் குறைந்தால் கன்னெய்ச் செலவு கூடும். சாலை விளக்கின் முன் நெடிது நிற்குங்கால் பொறியை நிறுத்திவிட வேண்டும். கூப்பிடு தொலைவிலுள்ள கடைக்குக் கால்களே போதும். சற்றுத் தொலைவுக்கு மிதிவண்டி. அதற்கும் மேல் பேருந்தும் தொடர்வண்டியும். ஒரே அலுவலகத்துக்கு நால்வர் நான்கு மகிழுந்துகளில் செல்வது வளமன்று, அறியாமை. மின்வண்டிகள் பெருகிவரினும், கன்னெய் வண்டிகள் இன்னும் பல்லாண்டு ஓடும். சிக்கனமும் அதுவரை வேண்டும்.

ஒரு வீடு கிழமைக்கு ஒரு லிட்டர் சேமித்தால் ஆண்டுக்கு 52 லிட்டர். நூறு வீட்டுத் தெருவில் 5,200 லிட்டர். லிட்டர் ஒன்று எரிந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் கரிவளி வெளிப்படும். ஆகவே அத் தெருப் பிள்ளைகள் மூச்சிழுக்கும் காற்றுக்கும், வெப்பமுறும் இவ்வுலகுக்கும் அச் சேமிப்பு நன்று.

ஆயினும் ஈருருளியில் கூலிவேலைக்குச் செல்வோனிடம் மட்டும் சிக்கனம் பேசுவது நேர்மையாகாது. மிகுதியாக எரிப்போரே முதலில் குறைத்தல் வேண்டும். ஒருவர் வருகைக்குப் பத்து வண்டிகள் அணிவகுக்கும் ஆரவாரம், மக்களுக்குச் சிக்கனம் கற்பிக்கும் தகுதியை இழந்தது. தலைவர்கள் இறங்கி நடந்தால் தொண்டர்கள் தாமே நடப்பர்.

பிறர் கிணற்றை நம்பி அடுப்பேற்றும் வீட்டார், ஒவ்வொரு குடத்தையும் எண்ணியே செலவிடுவர். நாட்டுக்கும் அதுவே முறை. இன்று மாலை வண்டிச் சாவியைக் கையிலெடுப்போர் ஒவ்வொருவரும், 'இப் பயணம் வேண்டுமா? நடந்தால் ஆகாதா?' என ஒருகணம் எண்ணுக! அக் கணத்திலேயே சிக்கனம் தொடங்கிவிடும்.