கருவியின் கறையும் வானத்தின் ஒளியும்

கவிஞர் அவையில் வானியல் ஒளிப்படத்துக்கு என்ன வேலை என்ற வினா எழலாம். விடை இம்மலைத் தொடரிலேயே இருக்கிறது. 1899ஆம் ஆண்டில் கோடைக்கானலில் தோன்றிய சூரிய ஆய்வகம், 1904 முதல் கதிரவனைப் படமெடுத்துச் சேர்த்து வந்திருக்கிறது. கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்ததும் அங்கேதான்.

எந்த ஒளிப்படமும் வானத்தை மட்டும் காட்டுவதில்லை. கருவியையும் சேர்த்தே காட்டுகிறது. ஒளியே படாத போதும் வெப்பத்தால் உணரியில் பொய்ப் புள்ளிகள் பிறக்கின்றன. தூசி வளையமாய் நிழலிடுகிறது. படத்தின் ஓரங்கள் மங்குகின்றன. இவற்றைக் களைவதே அளவுத்திருத்தம். மூடியிட்டு, அதே வெப்பநிலையில், அதே நேர அளவில் எடுத்த இருள் படத்தை முதலில் கழிக்க வேண்டும். பின்னர், சீரான ஒளிப்பரப்பை நோக்கி எடுத்த சமஒளிப் படத்தால் வகுக்க வேண்டும். தன் குறையைத் தானே அளந்து சொல்லுமாறு கருவியைப் பணிப்பது இம்முறை.

அடுத்தது படங்களை அடுக்குதல். புவி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்வதாய்த் தோன்றும். சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் போன்ற இலவச மென்பொருள்கள் விண்மீன்களை அடையாளமாகக் கொண்டு படங்களைப் பொருத்திச் சராசரி காண்கின்றன. மெய்யான ஒளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும். இரைச்சலோ இடத்துக்கு இடம் மாறும். 16 படங்களை அடுக்கினால் இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும். அதை மேலும் பாதியாக்க 64 படங்கள் வேண்டும்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஒரே படத்தில் மட்டும் விழுந்த விமானக் கோட்டை மென்பொருள் பிழையென நீக்கிவிடும். அதே விதியின்படி, ஒரு கணமே ஒளிர்ந்து மறைந்த எரிமீனையும் நீக்கிவிடும். பலமுறை தோன்றியது மெய், ஒருமுறை தோன்றியது பொய் என்பது கணக்குக்கு வசதியான விதி. வானம் அதற்குக் கட்டுப்பட்டதன்று.

கோடைக்கானலின் நூற்றாண்டுச் சேமிப்பு இதனைத் தெளிவாக்கும். அப்படங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டால் கரும்புள்ளிகள் கரைந்துபோய், மொழுக்கென்ற ஒரு வட்டே எஞ்சும். ஒவ்வொரு நாளின் படத்தையும் தனித்தனியே திருத்திக் கால வரிசையில் நிறுத்தும்போதுதான் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் பெருகிக் குறைவது புலப்படுகிறது.

அத்திருத்தமும் எளிதன்று. ஒளித்தகட்டின் கருமை, பட்ட ஒளிக்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை. அளவுகோலாகப் பயன்படும் குறிகள் இல்லாத பழந்தகடுகள் உண்டு. அவற்றுக்குக் கதிரவனே துணை நிற்கிறது. அமைதியான பரப்பு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எவ்வாறு மங்குகிறது என்பது அறியப்பட்ட ஒன்றாதலால், அதனையே அளவுகோலாகக் கொண்டு ஆய்வாளர்கள் தகட்டின் கருமையை ஒளியளவாக மாற்றுகிறார்கள். மேகத்தின் நிழலும், கீறலும், வட்டின் சாய்வும் பின்னர்த் திருத்தம் பெறுகின்றன.

மூலத் தகடுகள் காக்கப்பட்டதால்தான் இது இயன்றது. 1904இல் தகட்டைக் கழுவி உலர்த்தியவர் கணிப்பொறியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆயினும் அவர் காத்துவைத்த தகடு, பின்வந்தோரின் புதிய முறைக்கு இடம் தந்தது. அன்றே 'திருத்தப்பெற்ற' படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை எறிந்திருந்தால், அன்றைய அறியாமையும் நிலைபெற்றிருக்கும்.

ஆகவே, இம்மலையின் இருண்ட இரவுகளில் கேமராவை நிறுத்தும் இளைஞர்கள் அழகிய இறுதிப் படத்தோடு மூலப் படங்களையும், இருள் படங்களையும், சமஒளிப் படங்களையும், நாள் நேரக் குறிப்போடு சேர்த்துவைக்க வேண்டும். பத்தாண்டு மலருக்குக் கவிதைகளைத் தேர்ந்தெடுத்த வட்டத்தாரும், மலரில் இடம்பெறாத கையெழுத்துப் படிகளை நாளிட்டுப் பேணிக் காப்பார்களாக. இன்று கறையென ஒதுக்கப்பட்டது நாளை எரிமீனாக இருக்கக்கூடும்.